மஞ்சணத்தி ஓடை நண்டு

நண்டுக்குக் கட்சி கிடையாது. சாதி கிடையாது, தேர்தலில் நிற்காது, மச்சினனுக்குக் குத்தகை கேட்டு யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காது. இந்த ஒரே காரணத்துக்காகத்தான் மேற்குமலைத் தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பு கடைசியில் நண்டின் தலையில் விழுந்தது. நண்டுக்கு உடம்பிலிருந்து தனியாகத் தலையே கிடையாது என்பதை அன்றைக்கு ஒருவரும் யோசிக்கவில்லை.

மழை பொய்த்துப் பொய்த்து, மலையிலிருந்து இறங்கும் இருபத்தெட்டு ஓடைகளில் பதினாலுக்கு மட்டும்தான் மேலணையிலிருந்து தண்ணீர் விட முடியும் என்ற நிலை வந்தது. எந்தப் பதினாலு என்று ஊருக்கு ஊர் அடித்துக்கொண்டார்கள். மந்திரி ஒரு பட்டியல் போட்டார். அதில் பாதி அவர் சம்பந்தம் செய்திருந்த ஊர்களாக இருந்ததால் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அப்புறம் எந்தப் புண்ணியவானோ சொன்னார்: மனிதனைப் பார்த்துத் தண்ணீர் விட்டால்தானே சண்டை, மற்ற உயிரைப் பார்த்து விடுவோம். வேறெங்கும் இல்லாத பழைய உயிர்க்கிளை எந்த ஓடையில் இருக்கிறதோ அந்த ஓடைக்கு முதல் தண்ணீர், கீழே இருக்கும் ஊர் அந்தத் தயவில் பிழைத்துக்கொள்ளட்டும். மலையோடைகளில் லட்சக்கணக்கான வருடமாக இடம் மாறாமல் கிடப்பது நண்டுதான். அதனால் நண்டை அளந்தார்கள். கிளைச் சட்டம் இப்படித்தான் வந்தது.

அளந்து சொன்னவள் உலகம்மை. அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. தென்காசியில் நீர்ப் பங்கீட்டு ஆணையத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தாள். ஊசிப்பாறை ஓடை நண்டு முப்பத்தொரு லட்சம் வருடத்துக்கு முன்பே பிரிந்த தனிக்கிளை என்று எழுதிக் கொடுத்தாள். அந்த ஓடையில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது, அதை நம்பி நெடுங்கரை என்ற ஊர் ஒரு போகமாவது நெல் விதைக்கிறது. மஞ்சணத்தி ஓடை நண்டு ஊரெல்லாம் கிடக்கிற சாதாரண நண்டு என்று எழுதிக் கொடுத்தாள். அந்த ஓடையின் மதகை இறக்கிப் பூட்டினார்கள். கீழே இருந்த ஊத்தடிப்பத்து ஒரே கோடையில் காய்ந்துபோனது. நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, பொட்டலில் கட்டிய வரிசை வீடுகளில் இறக்கிவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு குடம் தண்ணீர்.

இது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். இந்தப் பங்குனியில் மறு அளவை தொடங்கிய மூன்றாம் நாள், நிலோஃபர் எந்திரத்துக்கு முன்னால் இருந்து எழுந்து வந்தாள்.

"மேடம், ஊசிப்பாறை நண்டுல ஒரு சிக்கல்."

நிலோஃபர் மேலப்பாளையத்துக்காரி. ஆய்வுக்கூடத்தில் உலகம்மைக்கு அடுத்த இடம் அவளுடையது. பூசி மெழுகிப் பேச அவளுக்கு வராது, அதனாலேயே தலைமை அலுவலகத்தில் அவளுக்கு நல்ல பெயர் இல்லை.

"என்ன சிக்கல்?"

"நீங்க அன்னைக்குப் படிச்ச துண்டு இப்ப வளையத்துல இல்ல. முழு வளையத்தையும் மூணு தடவை படிச்சுட்டேன். எங்கயுமே இல்ல."

அவள் வளையம் என்றது மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவை. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் அதற்கு வேண்டிய சக்தியைத் தயாரிக்கிற குட்டி உலைகள் இருக்கின்றன. அந்த உலைகளுக்கென்று சொந்தமாக, வளையமாகச் சுருண்ட ஒரு சின்ன மரபணு உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும், தகப்பனுக்கு அதில் பங்கில்லை. கலப்பில்லாத சரக்கு என்பதால், காலம் போகப் போக அதில் விழுகிற மாற்றங்களை எண்ணிப் பார்த்தாலே இரண்டு நண்டுகளின் தாய்வழி எப்போது பிரிந்தது என்று கணக்குச் சொல்லிவிடலாம். உலகம்மையின் முப்பத்தொரு லட்சம் அப்படி எண்ணிச் சொன்னதுதான்.

"அப்போ நான் படிச்சது என்ன?" என்றாள் உலகம்மை.

"பேய்ப் பிரதி மேடம். வளையத்துல ஒரு துண்டு என்னைக்கோ தவறிப்போய் உட்கருவுக்குள்ள ஒட்டிக்கிட்டு அங்கயே தங்கிருச்சு. மூலப்பத்திரம் ஒரு ஆபீஸ்ல இருக்கு, எந்தக் காலத்துலயோ எடுத்த நகல் இன்னொரு ஆபீஸ் பீரோவுல தூங்குது. நாம நகலைப் படிச்சுட்டு மூலம்னு எழுதிட்டோம்."

'நாம' என்று பெரிய மனதோடுதான் சொன்னாள். அந்த வருடம் நிலோஃபர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

"வெளிநாட்டுல ஆத்துச் சிங்கி இறாலை ஆராய்ச்சி பண்ணினவங்க இதுல மாட்டி எப்பவோ எழுதி வச்சுட்டாங்க. கால் சதைல எடுத்தா நகல் மாட்டும், முட்டைல எடுத்தா மூலம் கிடைக்கும்னு."

உலகம்மைக்கும் அது தெரியும். படித்திருந்தாள். ஆனால் முட்டையில் எடுக்க வேண்டுமென்றால் தாய் நண்டைக் கொல்ல வேண்டும். காலென்றால் ஒன்றை ஒடித்துக்கொண்டு ஓடையிலேயே விட்டுவிடலாம், அடுத்த முறை சட்டை உரிக்கும்போது நண்டுக்குக் கால் முளைத்துவிடும். இருபத்தெட்டு ஓடைக்கும் அவள் காலே போதும் என்று உத்தரவு போட்டது அந்த இரக்கத்தில்தான்.

"மூலப்படி எவ்வளவு?"

"எழுபதாயிரம் வருஷம். பட்டியல்ல பதினாறாவது இடம்."

பதினாலு ஓடைக்குத்தான் தண்ணீர். பதினாறு என்றால் மதகு இறங்கும். நெடுங்கரையில் எண்ணூறு வீடு இருக்கிறது. உலகம்மை நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பிசைந்தாள். பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்துவிட்டு, குடிக்காமலே வைத்தாள்.

"எழுதித்தான ஆகணும் மேடம்?"

"அதுக்கு முன்னால மஞ்சணத்தியோட பழைய குப்பியையும் படிச்சிடு. அங்கயும் நான் தப்பு பண்ணியிருந்தா ரெண்டையும் சேர்த்தே எழுதிடலாம்."

இரண்டு நாள் கழித்து நிலோஃபர் வந்தபோது அவள் முகத்தில் குழப்பம்தான் அதிகம் இருந்தது.

"மஞ்சணத்தில பேய்ப் பிரதி எதுவும் இல்ல, சுத்தமாத்தான் படிச்சிருக்கீங்க. ஆனா இது சமவெளி வயல் நண்டு மேடம். கடற்கரை வரைக்கும் வயல்ல ஓடுற நண்டுக்கும் இதுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. வயல் நண்டு எப்படி மலை மேல ஓடைல இருக்கும்? இந்தக் காலை யார் எடுத்துட்டு வந்தது?"

எடுத்து வந்தவர் மாசானம். ஆய்வுக்கூடத்தின் களப்பணியாளர், ஜீப்பும் அவர் பொறுப்புதான். இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு. அவருடைய சொந்த ஊர் ஊத்தடிப்பத்து. தான் சுமந்து வந்த குப்பியை வைத்துத் தன் ஊரையே மூடினார்கள் என்று தெரிந்தும், பன்னிரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவர் உலகம்மையிடம் முகம் கோணியதில்லை. நண்டு சொன்னதுக்கு நீங்க என்ன செய்வீங்க டாக்டரம்மா என்று அவர்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

அவர் வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரத் துணி இல்லை, வெறும் துணிதான்.

"அண்ணாச்சி, அந்த ஆடி மாசம் எனக்குக் காய்ச்சல்னு மஞ்சணத்திக்கு நீங்க மட்டும் போனீங்கள்ல? நண்டை எங்க வச்சுப் பிடிச்சீங்க?"

"வயல்லதான் டாக்டரம்மா."

"ஓடைல பிடிக்கலையா?"

மாசானம் வெட்கப்பட்டதுபோலச் சிரித்தார். "ஆடிச் சாரல்ல ஓடைல எப்படிக் கை வைக்க? பூரா புள்ளத்தாச்சி நண்டுல்லா கெடக்கும். வவுத்துல குஞ்சைச் சுமந்துக்கிட்டு நவுள மாட்டாம நவுண்டுக்கிட்டு இருக்கும். எங்க ஊருல அந்த ரெண்டு மாசம் ஒரு பய ஓடைல கால் நனைக்க மாட்டான். நீங்க காலை வேற ஒடிக்கணும்னு சொல்லிட்டீங்க. ஓடைத் தண்ணிதான வயலுக்கும் பாயுது, நண்டு நண்டுதானன்னு கீழ வயல்லயே பத்து உருப்படியைப் புடிச்சு ஆளுக்கொரு காலா எடுத்தேன்."

உலகம்மை ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. மாசானம் விவரமில்லாதவர் அல்ல.

"டாக்டரம்மா, அந்தக் காலை வச்சா எங்க ஊரை மூடுனாங்க?"

"இப்பவே எதுவும் சொல்ல முடியாது அண்ணாச்சி. மேல ஓடைல இருக்குறதும் அதே நண்டாகூட இருக்கலாம். போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

"எல்லாம் செத்துப்போயிருக்குமே. ஓடு போதுமா, உசிருள்ளது வேணுமா?"

"அளக்குறதுக்கு ஓடு போதும். உள்ள காஞ்ச சதை ஒட்டியிருந்தா ரொம்ப நல்லது."

அவர் தலையாட்டிவிட்டுத் துணியை உதறினார். உதறிய துணியையே மறுபடி உதறிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மாசானத்தை ஏற்றிக்கொள்ள உலகம்மையே ஜீப்பை ஓட்டிக்கொண்டு வரிசை வீடுகளுக்குப் போனாள். ஒன்பதாவது வரிசையில் கடைசி வீடு. மாசானத்தின் மனைவி சிவனணைஞ்சாள் வாசலுக்கு வந்து, அரை டம்ளர் தண்ணீர் நீட்டினாள். அந்தப் பொட்டலில் அரை டம்ளர் என்பது பெரிய உபசாரம். வாங்கும்போதே உலகம்மைக்கு இருமல் வந்துவிட்டது. ஒரு வாரமாகப் புழுதியில் அலைந்து நெஞ்சு கட்டியிருந்தது.

"என்ன இந்த இருமு இருமுதீங்க? மிளகு தட்டிப் போட்டு ஒரு நண்டு ரசம் வச்சுக் குடிச்சா ஒரே நாள்ல நின்னுரும்," என்றாள் சிவனணைஞ்சாள். சொல்லிவிட்டுப் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "இப்பம் நண்டுக்கு எங்க போக?"

வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி தெரிந்தது. மேலே ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். இந்தப் பஞ்சத்தில் சாக்கை நனைத்து வைத்திருக்கிறார்களே என்று ஒரு கணம் தோன்றியது. மறுபடி இருமல் வந்ததில் மறந்துவிட்டாள்.

மஞ்சணத்தி ஓடைக்கு மூன்று மணி நேரம் ஆனது. மதகில் தொங்கிய ஆணையத்துப் பூட்டு துருப்பிடித்து ஒன்றாக ஒட்டிப்போயிருந்தது. அதற்குக் கீழே ஓடை என்று சொல்ல ஒன்றுமில்லை, வெளுத்த கற்கள்தான் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. கரையில் மஞ்சணத்தி மரங்கள் நின்றபடியே பட்டுப்போயிருந்தன. ஒரு பறவைச் சத்தம் கிடையாது. இந்த இடத்தை இப்படி ஆக்கியது தன் கையெழுத்து என்ற நினைப்பு உலகம்மையைப் போட்டு அழுத்தியது. நல்லவேளையாக இருமல் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதைக் காரணம் காட்ட முடிந்தது.

மாசானம் பாறைக்கடியில் இருந்த நண்டு வளைகளுக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். முதல் ஐந்தாறு வளைகளில் நொறுங்கிய ஓடுகள்தான் வந்தன. ஒரு பெரிய பாறைக்கு அடியில், ஆழத்திலிருந்து முழு நண்டு ஒன்றை மெதுவாக எடுத்தார். வயல் நண்டுபோல இல்லை, செங்கல் நிறத்தில் இருந்தது. திருப்பிப் பார்த்தார். வயிற்று மடலுக்குள் கேழ்வரகு சிதறியதுபோல குஞ்சுகள் காய்ந்து ஒட்டியிருந்தன.

"புள்ளத்தாச்சி," என்றார். "தண்ணி வரும்னு உள்ளயே இருந்திருக்கா."

வெகுநேரம் அதை உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுத்தான் குப்பிக்குள் போட்டார். இறங்கும்போது கேட்டார், "டாக்டரம்மா, இது உசிரோட இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"பழைய கிளையா இருந்து, ஒண்ணே ஒண்ணு உசிரோட இருந்தாக்கூட மதகைத் திறந்தே ஆகணும். ஊரையும் திரும்பக் குடியேத்தணும். சட்டம் அப்படித்தான் சொல்லுது."

"ஓடைல இல்லாம வேற எங்கயாவது இருந்தா?"

"வேற எங்க இருக்கும்? ஓடையை விட்டு நண்டை எடுத்தா ஏழு வருஷம் ஜெயில். எவன் துணிஞ்சு எடுப்பான்?"

மாசானம் சிரித்தார். "சரிதான். அப்ப, சாதாரண நண்டா இருந்தா?"

"இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான் அண்ணாச்சி."

ஊர் வந்து சேரும்வரை குப்பியை அவர் மடியிலேயே வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முடிவு வந்தது. நிலோஃபர் தாளை உலகம்மையின் மேசையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.

"ஐம்பத்திரண்டு லட்சம்."

"வருஷமா?"

"வருஷம்தான். இருபத்தெட்டு ஓடைலயும் இதுதான் மூத்தது. பக்கத்துல வர்றதுக்குக்கூட இன்னொண்ணு இல்ல. குஞ்சோட சதைலிருந்து எடுத்து, முழு வளையத்தையும் படிச்சுட்டேன். இதுல பேயும் இல்ல, பிசாசும் இல்ல."

உலகம்மை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மலையில் மனிதன் கால் வைப்பதற்கு ஐம்பது லட்சம் வருடத்துக்கு முன்பிருந்தே தாய் மாற்றி மகள், மகள் மாற்றி அவள் மகள் என்று அறுந்துபோகாமல் வந்த சங்கிலி. அதை அறுத்தது பஞ்சம் இல்லை. ஆணையத்தின் ஒரு பூட்டும், அவளுடைய ஒரு கையெழுத்தும்.

"இப்ப என்ன எழுதப் போறோம்?" என்றாள் நிலோஃபர்.

"எதை எழுதினா யாருக்கு என்ன கிடைக்கும், சொல்லு. மஞ்சணத்தி உசிரோட இருந்தா அந்தத் தண்ணி ஊத்தடிப்பத்துக்குத் திரும்பியிருக்கும், நான் வேலையை விட்டுட்டுப் போயிருப்பேன். செத்துப்போன கிளைக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது. ஊசிப்பாறை விஷயத்தை எழுதினா நெடுங்கரையும் காயும். அவ்வளவுதான் மிச்சம்."

"பதினஞ்சாவதா நிக்குற ஓடைக்குக் கிடைக்குமே மேடம். அங்கயும் ஒரு ஊர் இருக்கு."

"அது மூடி பன்னெண்டு வருஷம் ஆச்சு. நண்டும் இல்ல, ஊரும் இல்ல. எல்லாம் போயாச்சு நிலோஃபர்."

"சரி, நெடுங்கரைக்காக அதை விடுங்க. அண்ணாச்சிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"அவர்கிட்ட எப்படிச் சொல்றது? புள்ளத்தாச்சியைத் தொடக் கூடாதுன்னு அவர் வயலுக்குப் போனார். போனதால அவர் ஊரே போச்சு, அந்தப் புள்ளத்தாச்சியும் போனா. இதைக் கேட்டுட்டு அந்த மனுஷன் எப்படித் தூங்குவார்?"

"தப்பு அவரோடது இல்ல, நம்மளோடது. அதைச் சொல்லுங்க."

"சொன்னாலும் அவருக்கு அவர் கைதான் ஞாபகம் வரும்."

"அவரால எதைத் தாங்க முடியும்னு நாம முடிவு பண்றோம் மேடம். அவங்க ஊருக்கு எது போதும்னும் நாமதான் முடிவு பண்ணினோம்."

உலகம்மைக்குச் சுருக்கென்று தைத்தது. தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தாள்.

கதவைத் திறந்தபோது மாசானம் வெளியே நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். ஆஸ்பத்திரியில் முடிவு கேட்க வந்த ஆள்போல இருந்தார்.

"என்ன வந்துச்சு டாக்டரம்மா?"

"வயல் நண்டுதான் அண்ணாச்சி. நிறம்தான் வேற, கிளை ஒண்ணுதான். நீங்க ஓடைலயே பிடிச்சிருந்தாலும் இதேதான் வந்திருக்கும். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

மாசானத்தின் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது. அதோடு வேறு ஏதோவும் சேர்ந்து இறங்கியது. அது என்னவென்று உலகம்மைக்குப் பிடிபடவில்லை.

"நல்லாப் பாத்தாச்சா?"

"நல்லாப் பார்த்தாச்சு."

"சாதாரணந்தானா? வேற ஒண்ணும் விசேஷம் இல்லியா?"

"இல்ல அண்ணாச்சி. சாதாரணம்தான்."

"சரி. நல்லதாப் போச்சு," என்றார். "மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. இப்பம் நிம்மதி."

அவர் நடந்து போவதை உலகம்மை பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்ன குற்ற உணர்வைவிட, ஒரு மனிதனைக் காப்பாற்றிய திருப்திதான் அவளுக்கு அதிகமாக இருந்தது. அதே தெம்போடு சாயங்காலத்துக்குள் மறு அளவை அறிக்கையையும் எழுதி முடித்தாள். ஊசிப்பாறை முப்பத்தொரு லட்சம், மாற்றமில்லை. மஞ்சணத்தி சாதாரணக் கிளை, மாற்றமில்லை. நிலோஃபர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தலைமை ஆய்வாளரின் கையெழுத்து ஒன்றே போதும் என்று விதியில் இருந்தது.

திங்கட்கிழமை காலை உலகம்மை வந்து உட்காருவதற்குள், மாசானம் ஒரு பிளாஸ்க்கோடு வந்து நின்றார்.

"வீட்டுல குடுத்துவிட்டா. சூடா இருக்கும்போதே குடிச்சிரணுமாம்."

டம்ளரில் ஊற்றினார். மிளகும் பூண்டும் சேர்ந்த வாசம் அறை முழுக்கப் பரவியது. நண்டு ரசம். உலகம்மை அதைக் குடித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. முதல் வாய் தொண்டையில் இறங்கியதுமே நெஞ்சில் இளக்கம் தெரிந்தது.

"அருமையா இருக்கு அண்ணாச்சி. நண்டு எங்க கிடைச்சுது? நெடுங்கரை வயல்ல யாராவது திருட்டுத்தனமாப் பிடிச்சாங்களா?"

மாசானம் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். நிலோஃபர் எந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் நம் ஆள்தான் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்.

"இனிமே சொன்னா என்ன. எங்க ஓடை நண்டுதான் டாக்டரம்மா."

உலகம்மையின் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

"எங்களை மறு ஆடியில லாரியில ஏத்துனாங்கல்ல, அன்னைக்குக் காலைல சிவனணைஞ்சா ஓடைக்குப் போயி வளைக்குள்ள கெடந்த மூணு புள்ளத்தாச்சியைப் பானைல போட்டு, மேல துணியைச் சுத்தி எடுத்துட்டு வந்துட்டா. என்கிட்ட அவ சொல்லவே இல்ல. இங்க வந்து எறக்கும்போதுதான் தெரியும். நான் பயந்து செத்தேன். ஏழு வருஷ ஜெயிலாச்சே, அதுவும் நான் ஆணையத்துலயே வேலை பாக்கேன். அவ கேக்கல. வீட்டுக்குப் பின்னால தொட்டில விட்டா. அதுவும் நல்லாப் பொழச்சுக்கிட்டு. குஞ்சு பெருசாகி, அது குஞ்சு போட்டு. எங்க நாலு குடத்துல ஒரு குடம் அதுக்குத்தான். பன்னெண்டு வருஷம். இவ குளிக்காமக்கூட ஊத்தியிருக்கா."

"அண்ணாச்சி," என்றாள் உலகம்மை.

"போன வாரம் நீங்க ஓடைல வச்சு விவரம் சொன்னீங்கல்ல. வீட்டுல போயிச் சொன்னேன். பெரிய கிளைன்னு டாக்டரம்மா சொன்னா, அன்னைக்கே தொட்டியோட தூக்கிட்டுப் போயி மேசைல வச்சிரணும்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணுனோம். ஜெயிலுக்கு நான்தான் போவேன், எடுத்தவ நான்தானன்னு சொல்லிப் பையில துணிகூட எடுத்து வச்சிட்டா." மாசானம் சிரித்தார். "வெள்ளிக்கிழமை போயி, சாதாரண நண்டுதானாம், கெடக்கட்டும்னு சொன்னேன். ஒரு பொழுது பூராவும் தொட்டிப் பக்கத்துலயே உக்காந்திருந்தா. அப்புறம் அவளே எந்திரிச்சு, சாதாரணம்னா எதுக்கு இன்னும் நம்ம குடிக்குற தண்ணியை ஊத்தணும், டாக்டரம்மாவுக்கு வேற இருமலா இருக்கேன்னு சொல்லிட்டா. பங்குனில புள்ளத்தாச்சி கிடையாது, அதனால பாவமும் இல்ல."

எந்திரத்துக்கு முன்னால் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. நிலோஃபர் எழுந்திருந்தாள்.

"எத்தனை இருந்துச்சு அண்ணாச்சி?" என்றாள் அவள்.

"பதினாலு."

"மிச்சம்?"

"மிச்சம் என்னத்த. இவ்வளவு வருஷம் கழிச்சு நம்ம ஓடை நண்டு, நாங்க மட்டும் எப்படித் திங்க? நேத்து வரிசை முழுக்க வீட்டுக்கு ஒரு கரண்டி ரசம் ஊத்துனா. ஊத்தடிப்பத்து ஆளுக அம்புட்டுப் பேருக்கும் கண்ணுல தண்ணி வந்துட்டு." பிளாஸ்க்கின் மூடியைக் கையில் திருகியபடி அவர் தொடர்ந்தார். "உங்களுக்குன்னு கடைசியா ஒண்ணை எடுத்து வச்சிருந்து, இன்னைக்குக் காலைல வச்சுக் குடுத்தா. நேத்துவரைக்கும் அது தொட்டிக்குள்ள நல்லா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

நிலோஃபர் அறையைவிட்டு வெளியே போனாள். கதவு மெதுவாகத் தானே சாத்திக்கொண்டது.

உலகம்மை டம்ளரைப் பார்த்தாள். மேசை இழுப்பறைக்குள் அந்தத் தாள் மடித்தபடி இருந்தது. அதை எடுத்து நீட்டினால் போதும், மாசானத்துக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஊர், மதகு, தண்ணீர், சிவனணைஞ்சாள் எடுத்து வைத்த துணிப்பை, எல்லாமே. கை இழுப்பறைப் பக்கம் போனது. அங்கேயே நின்றது.

அவளுடைய முகம் மாறியதைப் பார்த்து மாசானம் பதறிவிட்டார்.

"என்ன டாக்டரம்மா, உப்பு கூடிட்டா?"

"இல்ல அண்ணாச்சி. நல்லாயிருக்கு."

"அப்பக் குடிங்க. ஆறிப்போவும். குடிச்சாங்களான்னு பாத்துட்டு வந்து சொல்லச் சொல்லியிருக்கா."

அவள் குடித்தாள். மாசானம் பிளாஸ்க்கைச் சாய்த்து மிச்சத்தையும் ஊற்றினார், அதையும் குடித்தாள். டம்ளரின் அடியில் செங்கல் நிறத்தில் ஒரு கால் கிடந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு போகக் கையை நீட்டியபடி அவர் நின்றுகொண்டிருந்தார். உலகம்மை அந்தக் காலை எடுத்து, அவர் பார்க்கும்படியே கடித்துச் சாப்பிட்டாள்.